முதியோருக்கு நத்தம் எங்கே?

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை வழியாகத் தருமபுரி நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது உத்தனப்பள்ளி. கர்நாடக எல்லை தொலைவில் இல்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர். கேழ்வரகும் கொள்ளும் அவரையும், பிற்காலத்தில் தக்காளியும் ரோஜாவும் விளைந்த மண். இன்று அச்சாலையில் செல்வோர் காண்பவை வேறு. தொழிற்சாலைகள் எழுகின்றன, அவற்றில் பணிபுரியும் இளம்பெண்களுக்கு விடுதிகள் எழுகின்றன, மனைப்பிரிவு விளம்பரப் பலகைகள் வயல் வரப்புகளில் நிற்கின்றன. இளையோர் உறங்குவதற்கு இடம் வகுத்தாயிற்று. இயந்திரங்களுக்கு இடம் வகுத்தாயிற்று. வாகனம் நிறுத்தவும் இடம் வகுத்தாயிற்று. இந்த நிலங்களை உழுது மூப்படைந்தவர்க்கு எங்கே இடம் வகுத்திருக்கிறது என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று. இக்கேள்வி நேற்றுத் தோன்றியதும் அன்று. நிலத்தை வகைப்படுத்தி வரைபடம் தீட்டும் வழக்கம் எவ்வளவு பழையதோ, அவ்வளவு பழையது இக்கேள்வியும்.

நம் பகுதியில் நிலம் முறையாக அளக்கப்பட்ட வரலாறு 1792-இல் தொடங்குகிறது. திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. காப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராகச் சென்று நிலங்களை அளந்தனர். பின்னாளில் இரயத்துவாரி என்று பெயர்பெற்று மாகாணம் முழுவதும் பரவிய முறைக்கு வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது. ஓசூர்ப் பகுதி சற்றுப் பின்னர், 1799-இல் திப்பு வீழ்ந்தபின், கம்பெனியிடம் சேர்ந்தது. நன்செய், புன்செய், தோட்டம், தரிசு, புறம்போக்கு என்று வருவாய்க் கணக்கு நிலத்தை வகுத்தது. இவற்றினூடே ஒரு சிறு சொல்லும் கணக்கில் நின்றது: நத்தம். ஊரார் வீடு கட்டிக் குடியிருக்கும் இடம் நத்தம். அதற்குத் தீர்வை கிடையாது. விளையும் நிலத்திற்கு வரி, வாழும் நிலத்திற்கு வரியில்லை என்பதே அதன் கருத்து. இன்றைய அதிகாரிகள் நிலப் பயன்பாட்டு மண்டலம் என்று எதைச் சொல்கிறார்களோ, அதன் மூதாதை இந்த நத்தம்தான் எனலாம்.

நத்தத்தில் முதியவருக்கென்று தனியாக இடம் ஒதுக்கப்படவில்லை. ஒதுக்க வேண்டிய தேவையும் எழவில்லை. வீட்டிலேயே அவருக்கு இடம் இருந்தது. நிலம் அவர் பெயரில் இருந்தவரை அவருடைய சொல்லும் செல்லுபடியாயிற்று. ஆயினும் இதைப் பொற்காலம் என்று பாடுவோரோடு என்னால் சேர இயலவில்லை. நிலமும் மகனும் இருந்தவர்க்கே அந்த ஏற்பாடு. பிள்ளையில்லாக் கைம்பெண்ணுக்கும், ஊர் எல்லைக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்ட உழைப்பாளிக்கும், நத்தம் என்ற சொல் இதே பொருளைத் தரவில்லை. திண்ணையில் தாத்தா அமர்ந்திருந்த காட்சியை எண்ணி நெகிழ்வோர், திண்ணை என்பது வீட்டின் வெளிப்புறம் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். உறவற்ற முதியோர் சாவடிகளிலும் சத்திரங்களிலும் ஒதுங்கினர். சென்னை இராயபுரத்திலுள்ள மணியக்காரர் சத்திரம் 1782-ஆம் ஆண்டின் பஞ்சக் காலத்தில் கஞ்சி ஊற்றும் இடமாகத் தோன்றி, பின்னர் ஆதரவற்றோரும் முதியோரும் தங்கும் இல்லமாக நிலைபெற்றது. அதாவது, மன்றோ நில அளவைச் சங்கிலியோடு பாரமகாலுக்கு வருவதற்கு முன்பே, குடும்பத்துக்கு வெளியே முதுமை என்ற நிலை நம் நாட்டில் கண்கூடாக இருந்தது.

திருவிவிலியத்தை நில அளவையாளர் கண்ணோடு வாசிப்பவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் வீடுகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை விற்றவர் ஓராண்டுக்குள் மீட்காவிடில், அது வாங்கியவருக்கே நிலைத்துவிடும். மதில் இல்லாத சிற்றூர் வீடுகளோ வயல்களைப் போலவே கருதப்படும். எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம், யூபிலி ஆண்டில் தாமாகவே திரும்பி வரும். நகரத்து வீடு விற்பனைப் பொருளாகலாம். சிற்றூர் வீடு வாழ்வாதாரத்தின் பகுதி, அதை ஒரு குடும்பம் நிரந்தரமாக இழக்கலாகாது என்பது அச்சட்டத்தின் நெஞ்சம். எண்ணிக்கை நூலின் 35-ஆம் அதிகாரமோ லேவியரின் நகர்களைச் சுற்றி இத்தனை முழம் மேய்ச்சல் நிலம் விட வேண்டும் என்று அளவே தருகிறது. நிலத்தை வகுப்பது இறைவனுக்கு ஏற்காத செயல் அன்று. யாரை மனத்திற்கொண்டு வகுக்கிறோம் என்பதே கேள்வி. அரசன் ஆகாபு தன் அரண்மனையருகே காய்கறித் தோட்டம் போட விரும்பியதும் ஒருவகை நிலப் பயன்பாட்டு மாற்றமே. நாபோத்து அதற்கு இசையாததற்குக் காரணம் விலை குறைவு அன்று, மூதாதையர் உரிமை.

கிறித்தவர் முதியோருக்கென்று கட்டடம் எழுப்பிய வரலாறு நான்காம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கும் ஓர் அனுமதிச் சிக்கல் எழுந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். கப்பதோக்கியாவின் செசரியா நகரில் ஆயராக இருந்த புனித பெரிய பசிலியார், கடும் பஞ்சத்தின் அனுபவத்திற்குப் பின், நகர எல்லைக்குச் சற்று வெளியே நோயாளர், வழிப்போக்கர், தொழுநோயாளர், வறியோர் ஆகியோருக்கான கட்டடங்களைக் கட்டத் தொடங்கினார். இவர் பொது நலனுக்கு ஊறு செய்கிறார் என்று ஆளுநர் எலியாவிடம் புகார் சென்றது. ஏறத்தாழ 372-இல் பசிலியார் ஆளுநருக்கு எழுதிய விளக்கக் கடிதம் இன்றும் கிடைக்கிறது. அவருடைய கடிதத் தொகுப்பில் 94-ஆவது. கோவில் கட்டுவதும், வழிப்போக்கர்க்கும் நோயுற்றோர்க்கும் மருத்துவரோடும் ஊழியரோடும் உறைவிடம் அமைப்பதும் அரசுக்கு எவ்வாறு கேடாகும் என்று அதில் அவர் வினவுகிறார். ஓர் ஆயர் தம் கட்டட வேலைக்கு அரசு அலுவலரிடம் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பதைக் காணும்போது, கட்டட அனுமதிக்காக அலுவலகப் படிகள் ஏறி இறங்கும் எங்களைப் போன்ற பங்குத்தந்தையருக்குச் சிறிது ஆறுதல் உண்டாகிறது. அவருடைய நண்பர் நாசியான்சு கிரகோரியார், பசிலியாரின் அடக்க நினைவுரையில், அந்த இடத்தைப் புதிய நகரம் என்றே போற்றினார். ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் யுஸ்தினியானின் சட்டங்கள் முதியோர் காப்பகங்களைத் தனிப் பெயரிட்டு, அறநிலையங்களுள் ஒன்றாகக் குறிக்கின்றன.

பசிலியார் கட்டியது நகருக்கு வெளியே. அக்காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. தொழுநோயாளர் நகருக்குள் வர முடியாது. ஆனால் வெளியே கட்டும் வழக்கம் காரணம் மறைந்த பின்னும் தொடர்ந்துவிட்டது. அதற்கு மாறான எடுத்துக்காட்டு செர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உள்ளது. யாக்கோப் ஃபுக்கர் என்ற பெருவணிகர் 1521-இல் அந்நகரின் வறிய கத்தோலிக்கருக்கென்று நகருக்குள்ளேயே ஒரு குடியிருப்பை நிறுவினார். ஃபுக்கரை என்ற அந்தக் குடியிருப்பு இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இரையாகி, மீண்டும் கட்டப்பட்டு, இன்றும் நிற்கிறது. அறுபத்தேழு வீடுகள், ஏறத்தாழ நூற்று நாற்பது குடித்தனங்கள். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனித் தெருவாசல். ஆண்டு வாடகை அன்று ஒரு ரைன் நாணயம். அதே மதிப்பைக் கணக்கிட்டு இன்றும் ஒரு யூரோவுக்கும் குறைவாகவே பெறுகின்றனர். நிறுவியவருக்காக நாள்தோறும் மூன்று செபம் சொல்ல வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. ஃபுக்கர் புனிதர் அல்லர். அவருடைய வட்டித் தொழிலைப் பற்றித் திருச்சபை வரலாற்று வகுப்புகளில் நாங்கள் கேட்டவை இனிமையானவை அல்ல. எனினும், வறியவருக்குக் கூடம் தராமல் வீடு தந்தார். தனி வாசல் என்பது சிறிய செய்தி போலத் தோன்றும். தம் வீட்டுக் கதவைத் தாமே திறந்து மூடும் உரிமையை இழந்த முதியவரைக் கேட்டால் அதன் மதிப்புத் தெரியும்.

1792 என்ற ஆண்டை மேலே குறித்தேன். பாரமகால் கைமாறிய அதே ஆண்டின் அக்டோபரில், பிரான்சின் பிரிட்டனி மாநிலத்துக் கான்கால் என்ற மீனவர் ஊரில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. பெயர் ழான் ழுகான். வீட்டு வேலைக்காரியாக உழைத்து நாற்பத்தேழு வயதை எட்டிய அவர், 1839-இன் குளிர்காலத்தில், பார்வையிழந்து கைவிடப்பட்ட ஆன் சோவேன் என்ற மூதாட்டியைத் தம் வாடகை அறைக்குத் தூக்கி வந்து, தம் படுக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தாம் வேறிடத்தில் படுத்தார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற சபை அப்படித் தோன்றியது. பின்னர் அவர் தலைமையிலிருந்து விலக்கப்பட்டு, தாம் நிறுவிய சபையிலேயே நிறுவியவர் என்று அறியப்படாமல் பல்லாண்டுகள் ஒதுங்கி வாழ்ந்து, 1879-இல் இறந்தார். முதியோரைத் தேடிச் சென்றவரின் முதுமை மறக்கப்பட்ட முதுமையாயிற்று. திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது 2009-இல். அச்சகோதரிகள் 1882-இல் கல்கத்தா வந்தனர். பின்னர் பெங்களூரிலும் முதியோர் இல்லம் அமைத்தனர். அந்த இல்லம் அமைந்துள்ள தெருவின் பெயர் ஓசூர்ச் சாலை! அன்றாட உணவுக்கு நிலையான வருவாயை நம்பாமல், கூடையோடு சந்தைக்குச் சென்று இரந்து பெறுவது அச்சபையின் மரபு. அச்சாலையின் மறுமுனையில்தான் நம் ஓசூர் உள்ளது. இடையே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். நகரின் நடுவே, சந்தைக்கு நடந்து செல்லும் தூரத்தில் இல்லம் இருந்ததால்தான் அந்தக் கூடை நிரம்பியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிலத்தை மண்டலங்களாகப் பிரிக்கும் புதிய சட்டங்கள் இருபதாம் நூற்றாண்டின் விளைவு. 1916-இல் நியூயார்க் நகரம் அதற்கு வழிகாட்டியது. 1926-இல் யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இம்முறையை ஏற்றபோது, தனி வீடுகளிடையே எழும் அடுக்குக் குடியிருப்பை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது. சொந்தத் தனி வீடு வாங்க இயலாதவரை நல்ல தெருவிலிருந்து விலக்கி வைக்க இத்தகைய சட்டம் எளிதில் பயன்படும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. நம் மாகாணத்திலோ தொடக்கம் வேறுவிதமாக இருந்தது. ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடஸ் 1914-15-இல் சென்னைக்கு வந்து, மாகாணத்தின் பல நகரங்களைப் பார்வையிட்டு அறிக்கைகள் எழுதினார். பழந்தெருக்களை இடித்துத் தள்ளி நேர்கோட்டுச் சாலை போடும் மோகத்தை அவர் கண்டித்தார். தேவையான இடத்தில் மட்டும் சிறிது வெட்டி, எஞ்சியதைப் பேண வேண்டும் என்றார். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் வந்ததுதான் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இன்று ஒருவர் ஓசூரில் மனை வாங்கினாலும், தொழிற்சாலை கட்டினாலும், கோவில் கட்டினாலும், இச்சட்டத்தின் நிழலில்தான் செய்கிறார்.

இச்சட்டப்படி ஆக்கப்படும் முழுமைத் திட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தவர் அதன் வண்ணங்களை அறிவர். மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழில், சிவப்பு பொது நிறுவனங்கள், பச்சை வேளாண்மை. முதியவர் ஒருவர் தம் வீட்டில் இருக்கும்வரை மஞ்சளுக்கு உரியவர். அவரைப் போன்ற இருபது பேர் ஒரே கூரையின்கீழ்த் துணையோடு வாழ விரும்பினால், அக்கட்டடம் நிறுவனமாகிவிடுகிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதியோர் இல்லத்தை நிறுவனக் கட்டடங்கள் என்ற பிரிவில், காவலில் வைத்துப் பேணும் நிறுவனங்கள் என்ற உட்பிரிவில் சேர்த்துள்ளது. அதற்கு முந்திய உட்பிரிவு மருத்துவமனை. அடுத்த உட்பிரிவு சிறைச்சாலையும் மனநோய்க் காப்பகமும். தீ விபத்து நேரும்போது தாமாக வெளியேற இயலாதவர் இருக்கும் கட்டடங்கள் என்ற கண்ணோட்டத்தில் செய்த பகுப்பு அது. அதில் வன்மம் ஏதுமில்லை. ஆயினும் மருத்துவமனைக்கும் சிறைக்கும் நடுவே முதுமையை வைத்துவிட்டு, அடுத்த தெருவில் முதியோர் இல்லம் வருகிறது என்றால் மக்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்று வியப்பதில் பயனில்லை.

இனி ஓசூருக்கு வருவோம். சிப்காட் நிறுவனம் 1971-இல் தோன்றியது. அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை உருவானது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். நிறுவனமும் இங்கே உற்பத்தியைத் தொடங்கின. 1980-களின் நடுப்பகுதியில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை வந்தது. அந்நிறுவனம் சுற்றுப்புற மாவட்டங்களின் பள்ளிகளிலிருந்து பதினேழு, பதினெட்டு வயது இளையோரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்தது. வீட்டைவிட்டு முதன்முறையாக வந்த பிள்ளைகள் வாடகை வீடுகளில் தனித்துத் தடுமாறக் கூடாது என்று, வயதில் மூத்த தம்பதியரை அவர்களுக்கு வளர்ப்புப் பெற்றோராக அமர்த்தி, அவர்களோடு தங்கச் செய்தது. ஒரு தொழிற்சாலை தன் இளையோருக்காக முதியோரைத் தேடிச் சென்ற அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். அன்று பதினெட்டு வயதாக இருந்தவர்க்கு இன்று அறுபதை நெருங்கும் அகவை. ஓசூர் நகரத்தின் முதல் தொழில் தலைமுறை ஓய்வுபெறும் காலம் இது. அவர்களுக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.

பெரிய ஆலைகளில் நிலையான பணி பெற்றவர் நிலை ஓரளவு தேறும். அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுத்த சிறு பட்டறைகளில் முப்பது ஆண்டு உழைத்தவர் நிலை என்ன? 1995-இல் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 2014-இல்தான் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் ஆயிரம் ரூபாய் என்று வரையறுக்கப்பட்டது. பலர் கையிருப்பைத் திரட்டி ஊருக்கு வெளியே மனை வாங்கினர். அந்த மனைப்பிரிவுகளுள் அங்கீகாரம் பெறாதவை பல. அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்ததும் வாசகர் அறிந்தவையே. முதுமைக்கென்று சேர்த்த ஒரே சொத்தை விற்கவும் முடியாமல், அதில் கட்டவும் முடியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தோருக்கு, நில மண்டலம் என்பது வயிற்றோடும் உறக்கத்தோடும் தொடர்புடைய செய்தி என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும் எந்தப் பங்குத்தந்தையும் இதன் இன்னொரு பக்கத்தை அறிவார். தொழில் நகரத்தில் மகன் எடுத்திருக்கும் வாடகை வீடு பெரும்பாலும் மாடியில். மகனும் மருமகளும் வெவ்வேறு ஷிப்டுகளில் பணிக்குச் செல்கின்றனர். மூட்டுவலியுள்ள தாய் படியிறங்கிக் கோவிலுக்கு வந்து ஓராண்டு ஆகியிருக்கும். யாரும் அவரைக் கைவிடவில்லை. யாரும் அவரிடம் கடுஞ்சொல் பேசவுமில்லை. இருபத்திரண்டு படிகள் அவரைத் திருப்பலியிலிருந்து பிரித்துவிட்டன. பிள்ளைகளைக் குற்றம் சாட்டும் மறையுரைகளை நாம் மிகுதியாகவே நிகழ்த்திவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் படிகளைக் கட்ட அனுமதித்த வரைபடத்தைப் பற்றி ஒரு மறையுரையும் கேட்டதில்லை.

உத்தனப்பள்ளியில் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி ஊராட்சிகளில் ஏறத்தாழ மூவாயிரம் ஏக்கர் நிலத்தைச் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு எடுக்கும் முயற்சியை எதிர்த்து, 2023-இன் தொடக்கத்தில் விவசாயிகள் நாள்கணக்கில் அமர்ந்து போராடினர். தொழில் வேண்டுமா வேளாண்மை வேண்டுமா என்ற வழக்கில் தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. வேலை தேடும் நம் இளைஞரின் பசியும் உண்மையே. நான் சுட்ட விரும்புவது ஒன்றுதான். பட்டா தந்தையின் பெயரில் இருக்கும்வரை அவர் வீட்டின் தலைவர். 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலுக்காக நிலம் எடுக்கப்படும்போது அது பணமாகிறது, பணம் பங்குகளாகிறது, பங்குகள் ஓசூரிலும் பெங்களூரிலும் வீடுகளாகின்றன. அந்த வீடுகளில் தந்தை விருந்தினர். நிலம் போனபின் இழப்பீடு கிடைக்கலாம். நிலத்தோடு வந்த மதிப்புக்கு இழப்பீட்டுப் பட்டியலில் கலம் இல்லை.

இங்கே நம் மக்கள் அறிய வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, தம்மைப் பேண வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்த முதியவர், அந்த நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயத்தை அணுகி அவ்வுரிமை மாற்றத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை பத்திரத்தில் தெளிவாக இல்லாதபோது வழக்கு சிக்கலாகிவிடுகிறது என்பதை 2022-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று காட்டிற்று. ஆகவே தான செட்டில்மெண்ட் எழுதும் பெற்றோர் அந்த ஒரு வரியைச் சேர்க்கத் தயங்கலாகாது. மகனை நம்பவில்லையா என்று பத்திர எழுத்தர் கேட்பார். கேட்கட்டும்.

அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு, ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது ஒரு முதியோர் இல்லத்தை, வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க வகையில், மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. நல்ல நோக்கம். ஆனால் 150 பேர் ஒரே இடத்தில் என்றவுடன் பெரிய நிலம் தேவை. பெரிய நிலம் என்றவுடன் அது ஊருக்கு வெளியே. தனியார் கட்டுநரும் இதே பாதையில் செல்கின்றனர். இருபது ஆண்டுகளாகக் கோயம்புத்தூரைச் சுற்றி ஓய்வுக்காலக் குடியிருப்புகள் பல தோன்றியுள்ளன. உணவுக்கூடம், மருத்துவ உதவி, அழைப்பு மணி எல்லாம் உண்டு. பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்கும் நடுத்தர வகுப்பினர்க்கு அவை உண்மையான தேவையை நிறைவு செய்கின்றன. அவற்றை ஏளனம் செய்வது நேர்மையன்று. இத்தகைய வீடுகளில் வழுக்காத தரை, கைப்பிடிக் கம்பி, சக்கர நாற்காலி நுழையும் மின்தூக்கி முதலியன வேண்டும் என்று மத்திய அரசு 2019-இல் மாதிரி வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. ஆனால் உத்தனப்பள்ளியில் தக்காளி பறித்த கையால் அந்த வீடுகளின் முன்பணத்தை எண்ணிக் கொடுக்க இயலாது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களுள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் அறுபது வயது கடந்தவர். 2031-இல் அது பதினெட்டை எட்டும் என்பது அரசின் மதிப்பீடு. விலைகொடுத்து வாங்கும் சிலருக்கும் ஆதரவே அற்ற சிலருக்கும் நடுவில் நிற்கும் பெருந்திரள் எங்கே வாழும் என்பதை எந்த வண்ணமும் குறிக்கவில்லை.

இவ்விடத்தில் நம் பங்குகளின் நிலத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1930-இல் அமைந்த சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997-இல் தருமபுரி மறைமாவட்டம் பிரிந்து உருவானது. ஓசூரும் உத்தனப்பள்ளியும் அதன் எல்லைக்குள் வருகின்றன. எந்த மறைமாவட்டத்தை எடுத்துக்கொண்டாலும், கோவில், பள்ளி, விடுதி, கல்லறைத் தோட்டம் ஆகியவற்றுக்கு முன்னோர் நிலம் வாங்கி வைத்தனர். இறந்த பின் ஒவ்வொரு கிறித்தவருக்கும் ஆறடி நிலம், அதுவும் கோவிலின் அருகே, உறுதி. இறப்பதற்கு முந்திய பத்தாண்டுகளுக்கு அத்தகைய உறுதி இல்லை. குருக்களாகிய எங்களுக்கு இவ்வச்சம் குறைவு; மறைமாவட்டங்கள் ஓய்வுபெற்ற குருக்களுக்கு இல்லம் வைத்துள்ளன. எங்களுக்கு நியாயம் என்று தோன்றியது, நாற்பது ஆண்டு ஞாயிறு காணிக்கை போட்டவருக்கும் நியாயமாகத் தோன்ற வேண்டாமா? கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோருக்கு உரியதை மறுப்பதை மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எவ்வளவு கடுமையாகச் சாடினார்! கொர்பான் என்ற அச்சொல் தனி மனிதரின் சொத்துக்கு மட்டும்தான் பொருந்துமா என்று நம்மை நாமே கேட்கலாம்.

நான் பேரில்லம் எதையும் கருதவில்லை. கோவிலுக்கு நடந்து வரும் தூரத்தில், தரைத்தளத்தில், தனித்தனி வாசலோடு ஆறு அல்லது எட்டுச் சிறு வீடுகள். பொதுவாக ஒரு சமையல்கூடம். அருகிலேயே பள்ளிப் பிள்ளைகளின் இரைச்சல். முதியோருக்கு அமைதி வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் முதியோர் அல்லர். இதற்கு நில வகை மாற்றமும் கட்டட அனுமதியும் தேவைப்படலாம். அனுமதியின்றிக் கட்டிவிட்டுப் பின்னர் வரன்முறை தேடும் வழக்கத்தை நம் நிறுவனங்கள் கைவிட வேண்டும். பசிலியாரே விளக்கம் எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய ஏட்டின் 11-ஆம் எண்ணில், முதியோருக்கு இன்றியமையாதவற்றை அளிப்பதோடு நில்லாது, பொருளாதார வளர்ச்சியின் பயனில் நியாயமான பங்கும் கிடைக்கச் செய்வதைக் குடும்பங்களின் பணிகளுள் ஒன்றாகக் குறிக்கிறது. ஓசூரின் வளர்ச்சியில் ஓசூரின் முதியோருக்குப் பங்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பங்கு நிலம் போதாது. ஊரின் திட்டத்திலும் இடம் வேண்டும். நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியிடப்பட்டதும், அதன்மீது கருத்தும் ஆட்சேபமும் எழுத்து மூலம் தெரிவிக்க மக்களுக்கு இரண்டு மாதத்திற்குக் குறையாத காலம் தரப்படுகிறது. ஆலை முதலாளிகளும் மனை வணிகர்களும் அந்த நாளுக்காகவே காத்திருப்பர். நம் மக்களுக்குச் செய்தி வந்து சேர்வதற்குள் காலம் முடிந்துவிடுகிறது. மஞ்சள் பகுதிக்குள்ளேயே சிறு முதியோர் குடியிருப்புகளுக்கு இடம் விடுக, புதிய மனைப்பிரிவுகளில் தரைத்தள வீடுகளில் ஒரு பங்கை முதியோருக்கு ஒதுக்குக, தொழிற்பூங்காவுக்கு நிலம் கொடுத்த ஊரின் நத்தத்தை ஒட்டியே அவ்வூர் முதியோர்க்கு மனை தருக என்று மூன்று வேண்டுகோள்களை ஒரு தாளில் எழுதிவிடலாம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் அந்நேரம் ஊதாப் பகுதியில் இரண்டாம் ஷிப்டில் இருப்பர் என்பதுதான் இடர்ப்பாடு. ஞாயிறு திருப்பலி முடிந்தபின் கோவில் முற்றத்தில் ஒரு மேசை, வரைபடத்தின் ஒரு படி, வண்ணங்களை விளக்கிச் சொல்லவும் முதியவர் சொல்வதை எழுதிக்கொள்ளவும் இரண்டு இளைஞர், அரை மணி நேரம். அதற்கு எந்த அலுவலகத்தின் அனுமதியும் தேவையில்லை.